கட்டையைக் கண்டதும் பறக்கும் குதிரையை என்ன செய்வது?

மல்லி என்ற குதிரையை முதல்முதலாகப் பார்த்த அன்று, தாண்டுவதற்காக அவள் முன்னால் வைத்திருந்த கட்டை இரண்டடி உயரம்கூட இருக்காது. அதற்கு எழுபது அடி தூரத்திலேயே அவள் கழுத்து விறைத்துவிட்டது. மேலே இருந்த பையன் பின்னால் சாய்ந்து லகானை இழுக்கிறான். அவள் வாயைப் பிளந்து, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். கட்டைக்கு வெகு முன்னாலேயே எகிறி, அந்தப் பக்கம் இறங்கிய கையோடு இன்னும் வேகம் எடுத்து, கொல்லைக் கடைசியில் இருந்த சீமைக்கருவேல வேலியைப் பார்த்த பிறகுதான் நின்றாள். பையன் இறங்கி வந்து, முகமெல்லாம் பல்லாக, "இவளுக்கு ஜம்ப்னா உயிர் சார்" என்றான்.

உயிர்தான். ஆனால் அது உயிர்ப்பயம்.

கசப்பு மருந்தை ஒரே மடக்கில் விழுங்குகிறோமே, அதைத்தான் இந்தக் குதிரைகளும் செய்கின்றன. தாண்டும்போது எங்கேயோ வலித்திருக்கும், அல்லது வாயில் அடி விழுந்திருக்கும். சீக்கிரம் முடித்துத் தொலைப்போம் என்று ஓடுகின்றன. அதைப் பார்த்து ஆசையாகத் தாண்டுகிறது என்று நினைத்து உயரத்தைக் கூட்டுபவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பையனும் அப்படித்தான் மூன்றடிக்குப் போகலாமா என்று என்னைக் கேட்டான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தாத்தா குடியாத்தத்தில் ஜட்கா ஓட்டியவர். நான் ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் குதிரைகளோடு இருந்துவிட்டு, இப்போது விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் கொல்லையும் இரண்டு குதிரைகளுமாக இருக்கிறேன். மல்லி கிண்டி பந்தயத்தில் ஓடிய செவலை. ஆறு வயதில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆம்பூர்ப் பக்கம் தோல் வியாபாரம் செய்யும் ஒருவர் மகனுக்காக வாங்கினார். அந்த மகன்தான் நம்ம பையன்.

பந்தயக் குதிரை என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பந்தயத்தில் ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிப்பார்; குதிரை அந்தப் பிடியின் மேல் சாய்ந்துகொண்டு ஓடும். இறுக்கினால் ஓடு என்பதுதான் அதற்குத் தெரிந்த பாஷை. பையன் நிறுத்துவதற்காக இழுக்கிறான், அவள் காதில் அது "போ போ" என்று விழுகிறது. ஜட்காக் குதிரை திமிறும்போது தாத்தா என்னிடம் சொல்வார்: "நீ இழுத்தா அது உன்னை இழுக்கும்டா. இழுத்து ஜெயிக்க நீ இன்னா யானையா?" குதிரை கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோ. பையன் ஐம்பத்தெட்டு.

சரி, வேலைக்கு வருவோம்.

சேணம் போடுவதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் நாலு விரல் தள்ளி, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். வலிக்கிற இடத்தில் தோல் துடிக்கும், முதுகு கீழே இறங்கும், காது பின்னால் போகும். மல்லிக்கு சேணத்தின் பின்பகுதி உட்காரும் இடத்தில் அப்படி இருந்தது. பந்தயக் குதிரைகளுக்குத் தோள்மேடு உயரம். அகலமான சேணம் போட்டால் முன்பக்கம் எலும்பில் போய் உட்காரும், பின்பக்கம் ஆடும். அடியில் நாலு மடிப்பு கம்பளி திணிப்பது தீர்வாகாது. சேணத்தையே மாற்றினோம். பல்லையும் பார்க்கச் சொன்னேன். கடைவாய்ப் பல்லின் வெளிவிளிம்பு கத்திபோல் வளர்ந்து கன்னத்தை உள்ளே கீறியிருந்தது. சென்னையிலிருந்து மருத்துவர் வந்து அரத்தால் ராவிவிட்டுப் போனார். வலியுள்ள குதிரைக்குப் பாடம் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது.

பையன் முன்பு சவாரி கற்ற இடத்தில் அவளை அடக்குவதற்காக முறுக்குக் கம்பிக் கடிவாளம் போட்டிருந்தார்கள். அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நடுவில் மடங்கும் வழவழப்பான சாதாரண ஸ்னாஃபிள் கடிவாளம் போட்டேன். பையனின் அப்பாவுக்குத் திகில். "இதுக்கே நிக்க மாட்டேங்குது, இன்னும் லேசா போடறீங்களே" என்றார். வாய் வலித்தால் குதிரை வலியை விட்டு ஓடப் பார்க்கும், ஆனால் வலி அதன் வாயிலேயே இருக்கிறது. எவ்வளவு தூரம் ஓடினால் தப்பிக்கும், சொல்லுங்கள்.

தீனியும் ஒரு காரணம். தினம் ஒரு மணி நேரம் வேலை செய்யும் குதிரைக்கு பந்தய லாயத்துத் தீனி எதற்கு? கொள்ளையும் ஓட்ஸையும் பாதிக்கு மேல் குறைத்து, காய்ந்த புல்லைக் கூட்டினேன். குதிரை மசால் (லூசர்ன் தீவனப் பயிர்) என்று பேரிலேயே குதிரை இருக்கிறதே என்று அதை அள்ளிப் போடாதீர்கள், அளவாகப் போதும். அதைவிட முக்கியம், நாளுக்கு நாலைந்து மணி நேரமாவது கொல்லையில் அவிழ்த்துவிடுவது. இருபத்து மூன்று மணி நேரம் லாயத்தில் கட்டிவைத்த எதுவும் வெளியே வந்தால் பறக்கத்தான் செய்யும்.

தரை. எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு பாலாற்று மணலைப் பார்த்ததும் ஆசை வரும். நடக்க நல்லது, தாண்ட ஆகாது. ஆழ மணலில் உந்தி எழுந்தால் கால் தசைநாண் போய்விடும். வற்றிய ஏரித்தரை வெடித்துக் கிடக்கும், குளம்பு மாட்டிக்கொள்ளும். மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கிய கொல்லை நல்ல இடம். செம்மண்ணும் மணலும் கலந்து, உழுதபின் சமப்படுத்தினால் மெத்தென்று இருக்கும். எலிவளை இருக்கிறதா என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். சுற்றிலும் வேலி இருக்கட்டும். எங்கள் கொல்லைக்கு அரை கிலோமீட்டரில் தேசிய நெடுஞ்சாலை. பிடியை விட்டு ஓடும் குதிரையை அங்கே விட முடியாது. நேரம், விடிகாலை ஐந்தரை. வேலூர் வெயிலில் எட்டு மணிக்கு மேல் குதிரை மேல் உட்காருபவர் தனக்கும் நல்லது செய்யவில்லை, குதிரைக்கும் செய்யவில்லை.

கட்டைக்குச் சாரம் கட்டும் சவுக்கு மரமே போதும். பத்துப் பன்னிரண்டடி நீளம், நாலு அங்குலப் பருமன். இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம். கட்டையைக் கட்டிப்போடவும் கூடாது, கால் பட்டால் விழ வேண்டும். வெள்ளையும் நீலமும் அடியுங்கள். குதிரைக்கு நம்மைப்போல எல்லா நிறமும் தெரியாது. ஆரஞ்சு நிறம் புல்லோடும் மண்ணோடும் கலந்துபோகும். இங்கிலாந்தின் தாண்டல் பந்தயங்களில் ஆரஞ்சுக் கட்டைகளை 2022-லிருந்து வெள்ளைக்கு மாற்றத் தொடங்கியதும் இதனால்தான்.

இதெல்லாம் ஆனபிறகும் மூன்று வாரம் தாண்டல் கிடையாது. பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. "குண்டுச் சட்டிக்குள்ள குதிரை ஓட்டற மாதிரி இருக்கு சார்" என்றான். "அதேதான்டா தம்பி, அதுதான் இவளுக்கு மருந்து" என்றேன். இருபது மீட்டர் வட்டம். நடை, ட்ராட் (துள்ளு நடை), மறுபடி நடை, நில், ட்ராட், கேன்டர் (நிதானமான பாய்ச்சல்), ட்ராட். ஒரே வேகத்தில் பத்து சுற்று சுற்றுவதில் பயனில்லை, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வட்டத்தில் குதிரை தானே உடம்பை மடக்கி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் இழுக்க வேண்டியதில்லை.

கைக்கு ஒரே ஒரு பாடம்தான். லகானைப் பிடிப்பது பசுவின் காம்பைப் பிடிப்பது மாதிரி. அழுத்து, விடு. அழுத்து, விடு. பிடித்துத் தொங்கினால் பால் வராது, உதை வரும். முதுகை நிமிர்த்தி, மூச்சை வெளியே விட்டு, விரல்களை ஒரு நொடி மூடி, உடனே திற. அவள் காது உன் பக்கம் திரும்பினால் கேட்டுவிட்டாள் என்று அர்த்தம். இந்த "விடு" என்பதைத்தான் யாரும் செய்வதில்லை. மெதுவானதும் அதற்குக் கூலி கொடுக்க வேண்டாமா? அந்தக் கூலி, கை இளகுவதுதான்.

அப்புறம் தரையில் கட்டைகள். கேன்டரில் குதிரையின் ஒரு எட்டு, அதாவது ஒரு பாய்ச்சலின் நீளம், ஏறக்குறைய பன்னிரண்டு அடி. என் காலடியில் நாலு. அளக்கும் டேப் தேவையில்லை. மூன்றடி நடையைப் பழகிக்கொண்டால் போதும். இரண்டு கட்டைகளை அறுபது அடி இடைவெளியில் தரையில் போட்டோம். நிதானமான கேன்டரில் இடையில் ஐந்து எட்டு வர வேண்டும். மல்லி முதல் நாள் நாலில் பறந்தாள். பையனை வாய்விட்டு எண்ணச் சொன்னேன். மனதுக்குள் இல்லை, நான் வேலியோரம் நின்றால் கேட்கும்படி: ஒண்ணு, ரெண்டு, மூணு. எண்ணுவதில் இரண்டு லாபம். ஒன்று, வேகம் கூடுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் குரலில் தெரிந்துவிடும். இன்னொன்று, எண்ணுபவனால் மூச்சை அடக்க முடியாது. ஆள் மூச்சை அடக்கினால் தொடை இறுகும், தொடை இறுகினால் பந்தயக் குதிரைக்கு என்ன தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குதிரையின் மூச்சையும் கேளுங்கள். கேன்டரில் ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு. சீராக "ஹஃப், ஹஃப்" என்று வந்தால் நிதானத்தில் இருக்கிறது. கட்டை நெருங்கும்போது அந்தச் சத்தம் நின்றால் பயத்தில் இருக்கிறது. கட்டையைக் கடந்து "புர்ர்" என்று மூக்கைச் சீறினால் இளகிவிட்டது. மல்லி முதல்முறை சீறியது பன்னிரண்டாம் நாள். நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஐந்து எட்டு வாடிக்கையானதும் அதே அறுபது அடியில் ஆறு எட்டு கேட்டோம், பிறகு மறுபடி ஐந்து. எட்டைச் சுருக்கவும் நீட்டவும் சொன்னால் கேட்கும் குதிரைக்கு வேகம் ஒரு வியாதியே இல்லை. மெதுவாக ஓட வைப்பது நம் நோக்கம் இல்லை என்பதை இங்கே கவனியுங்கள். மாறாத தாளம்தான் வேண்டும். கட்டைக்கு முன்னால் இருந்த அதே தாளம் கட்டைக்குப் பின்னாலும்.

நாலாவது வாரம் கட்டை மேலே எழுந்தது. ட்ராட்டில் மிதிக்க மூன்று கட்டைகள், நாலரை அடிக்கு ஒன்றாக. கடைசிக் கட்டையிலிருந்து ஒன்பது அடி தள்ளி, இரண்டு சவுக்கைப் பெருக்கல் குறிபோல் சாய்த்து வைத்த தடை. நடுவில் உயரம் ஒன்றரை அடி. அதைத் தாண்டி இறங்கும் பக்கம் பத்தடியில் தரையில் இன்னொரு கட்டை. இந்த அமைப்பே வாத்தியார். முன்னால் இருக்கும் மூன்று கட்டைகள் காலைப் பார்த்து வைக்கச் சொல்கின்றன. பின்னால் இருக்கும் கட்டை, இறங்கியதும் ஓடாதே, கீழே பார் என்கிறது. மேலே இருப்பவர் வாயை மூடிக்கொண்டு, லகானை இளக்கி உட்கார்ந்திருந்தால் போதும். கட்டைகள் திட்டட்டும், நாம் ஏன் திட்ட வேண்டும்?

லகானை இளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குதிரைக்குக் கண் பக்கவாட்டில். நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழேயும் அதற்குத் தெரியாது. எழும்பும் கடைசி நொடியில் கட்டை அதன் பார்வையிலிருந்து மறைந்தேவிடுகிறது. அதற்கு முன் பார்த்த கணக்கை வைத்துத்தான் தாண்டுகிறது. கணக்கெடுக்க அது தலையை ஏற்றி இறக்க வேண்டும். அந்த நேரத்தில் தலையைப் பிடித்து இறுக்கினால் கண்ணைக் கட்டி விட்டதற்குச் சமம்.

தடையை நோக்கி வரும்போதே வேகம் கூடினால்? வட்டத்துக்குத் திருப்பிவிடுங்கள். ஒன்று, இரண்டு, தேவையானால் ஆறு வட்டம். தாளம் வந்ததும், ஏதோ வழியில் கட்டை கிடந்தது என்பதுபோலத் தாண்டவிடுங்கள். ஆனால் திருப்புவதானால் நாற்பது அடிக்கு முன்னாலேயே திருப்ப வேண்டும். கட்டை முன்னால் வந்தபிறகு திருப்பினால், பக்கவாட்டில் நழுவி ஓடுவதை நாமே கற்றுக்கொடுத்தது ஆகும். அந்தப் பழக்கம் வேகத்தைவிட மோசம்.

இறங்கியபின் நேராக ஓட்டி நில். கழுத்தைத் தட்டு. நட. அடுத்த தடவை நிறுத்தாதே, வட்டத்துக்குப் போ. குதிரை ஊகிக்க முடியாதபடி மாற்று. வாரத்தில் இரண்டு நாள்தான் தாண்டல், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் இல்லை. நன்றாக வந்த தடவையோடு அன்றைக்கு முடித்துவிட வேண்டும். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கெடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

இப்போது ஆள் விஷயம். இருபத்து நாலு வயதில், ஒரு பயிற்சித் திடலில், பள்ளத்தைத் தாண்டப் போகும் இளம் குதிரை மேல் நான். எழும்புவதற்கு முன்பே நான் முன்னால் குனிந்துவிட்டேன். என் பாரம் அதன் தோளில் விழுந்ததும், எழும்ப இருந்த குதிரை கடைசி நிமிஷத்தில் இன்னொரு குட்டி எட்டு வைத்தது. நான் அதன் காதுகளுக்கு நடுவே போய் விழுந்தேன், கழுத்தெலும்பு முறிந்தது. குதிரை குப்புறத் தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே. எனக்குக் குழி முன்கூட்டியே தயாராக இருந்தது. அன்றிலிருந்து, குதிரை எழும்பி உன்னைத் தூக்கட்டும், நீ குதிரைக்கு முன்னால் தாண்டாதே என்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

குனிவது ஒரு தப்பென்றால் பையன் செய்த பின்சாய்வு இன்னொன்று. நூறு வருஷத்துக்கு முன்பு வரைக்கும் உலகமே அப்படித்தான் தாண்டியது, பின்னால் சாய்ந்து லகானில் தொங்கிக்கொண்டு. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ கப்ரில்லி (1868–1907)தான், குதிரையின் முதுகை விட்டு எழுந்து, கையை வாயோடு போகவிடு என்று மாற்றிக் காட்டினார். பையனுக்கு நான் செய்த ஏற்பாடு எளிது. பழைய அங்கவடி (கால் வைக்கும் வளையம்) வார் ஒன்றை மல்லியின் கழுத்தில் மாலைபோல் கட்டினேன். கடைசி மூன்று எட்டில் ஒரு விரலை அதில் மாட்டிக்கொள்ள வேண்டும். நிலை தடுமாறினால் வார்தான் இழுபடும், அவள் வாய் தப்பிக்கும்.

கண் கட்டையில் இருக்கக் கூடாது. எங்கள் கொல்லையிலிருந்து பார்த்தால் விரிஞ்சிபுரம் கோபுரம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே வா என்பேன். கண் கீழே போனால் தலை போகும், தலை போனால் தோள் போகும். ஸ்டீப்பிள்சேஸ் (கோபுரத் துரத்தல்) என்ற தாண்டல் பந்தயமே இப்படிப் பிறந்ததுதான். 1752-ல் அயர்லாந்தில் இரண்டு பேர் ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து அடுத்த ஊர்க் கோபுரத்தைக் குறிவைத்து, நடுவில் இருந்த வேலி, பள்ளம் எல்லாவற்றையும் தாண்டி ஓட்டியதாகச் சொல்வார்கள். விரிஞ்சிபுரம் மதிலழகு என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பழைய மல்லியாக இருந்தால் அந்த மதிலையும் ஒரு கை பார்த்திருப்பாள்.

நிதானம் வந்த பிறகுதான் நிஜமான வேகம். பெங்களூரு குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் ஈவென்டிங் என்ற மூவகைப் போட்டியில் வெள்ளி வாங்கியதிலிருந்து பசங்களுக்கெல்லாம் அதில் ஒன்றான கிராஸ் கன்ட்ரி (வெட்டவெளியில் தடைகளைத் தாண்டி ஓட்டுவது) மேல் ஆசை. மைதானத்துத் தாண்டல் போட்டி நிமிஷத்துக்கு 350 மீட்டரில் தொடங்கும்; கிராஸ் கன்ட்ரி உச்சத்தில் 570 மீட்டர். நம் கணக்கில் மணிக்கு இருபத்தொன்றும் முப்பத்து நாலும் கிலோமீட்டர். இதை உடம்புக்குப் பழக்க என் தங்கை மகன் டிவிஎஸ் எக்ஸ்எல்லை ஏரிக்கரைப் பாதையில் ஓட்டுவான், பையன் கரைக்குக் கீழே குதிரையில். முதல் வாரம் முழுக்க இருபத்தொன்று. முள் நகரக் கூடாது. அப்புறம் இருபத்தைந்து. முப்பதை இரண்டு மாதம் கழித்துத்தான் தொட்டோம்.

வேகத்தில் தாண்டும்போது கணக்கு மாறும். பன்னிரண்டடி எட்டில் அரை எட்டு பிசகினால் ஆறடி. முழு ஓட்டத்தில் எட்டு இருபதடியைத் தாண்டும்போது அதே பிசகு பத்தடி. அதனால் தடைக்கு நாலைந்து எட்டு முன்னால் மேலுடம்பை நிமிர்த்த வேண்டும். கையால் இழுப்பதில்லை, தோள் நிமிர்ந்தாலே பழகிய குதிரை பாரத்தைப் பின்கால்களுக்கு மாற்றிக்கொள்ளும். காலின் அணைப்பு மட்டும் விடவே கூடாது. அங்கவடியை இரண்டு துளை ஏற்றிக்கொள்ளுங்கள். சாய்வாக அடுக்கிய மரக்கட்டைக் குவியலை ஓட்டத்திலேயே தாண்டலாம். நெட்டுக்குத்தாக நிற்கும் ஒற்றைக் கட்டையை அப்படித் தாண்டக் கூடாது. அதற்கு வேகத்தைக் குறைத்து, எட்டைச் சுருக்கி வர வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் யாரையும் நான் ஏற்றுவதில்லை, தரையில் ஒரு ஆள் இல்லாமல் தாண்டவிடுவதும் இல்லை. முடிந்ததும் பத்து நிமிஷம் நடை, பிறகு நாலு காலுக்கும் பம்புசெட் தண்ணீர்.

போன தையில் ஒரு காலை. ஏரிக்கரையோரம் மூன்று குவியல்கள், இரண்டரை அடி உயரம். பையன் எண்ணிக்கொண்டே வந்தான். முதல் குவியலுக்கு முன்னால் தோளை நிமிர்த்தினான், மல்லியின் காது ஒன்று பின்னால் திரும்பி முன்னால் போனது. எழும்பி இறங்கிய சத்தத்தில் தாளம் மாறவில்லை. இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதைத் தாண்டியதும் அவள் "புர்ர்" என்று ஒரு சீறு சீறினாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. கோபுரத்தைப் பார்த்தபடி, ஏழு, எட்டு, ஒம்போது என்று போய்க்கொண்டே இருந்தான்.

"போதும்டா தம்பி" என்று கத்தினேன். "கட்டையெல்லாம் பின்னாடி போயிடுச்சு."